கூடத்துச் சுவரில் ஒரு சரித்திரம்

ஓர் இல்லத்திற்குள் நுழைந்ததும் அதன் முன்கூடத்துச் சுவரை ஒருமுறை ஏறிட்டு நோக்குவது நமது நெடுநாளைய பழக்கம். அவ்வீட்டார் எதை மறக்க விரும்பவில்லை என்பதைச் சுவர் சொல்லிவிடும். நம்மவர் இல்லங்களில் கஃபாவின் படம் இருக்கும். மதீனாவின் பச்சைக் குவிமாடம் இருக்கும். பொன்னெழுத்தில் பொறித்த திருவசனம் ஒன்று கதவுக்கு மேலே இருக்கும். உயிருள்ளவற்றின் உருவங்களைக் கூடத்தில் மாட்டுவதில்லை என்னும் ஒழுங்கில் வளர்ந்தவர்கள் நாம். ஆகவே ஓவியத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி உண்டென்று அன்பர்கள் வினவலாம். தகுதி இல்லைதான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறுமியின் கேள்வி.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்த நம் மருமகன், காங்கோ நாட்டு ஓவியங்களைப் பற்றிய இரண்டு பெரிய நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் கூடத்தில் அமர்ந்து அவற்றுள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பத்து வயதுப் பேத்தி அருகில் வந்து உட்கார்ந்தாள். கடைத்தெரு, குடிசை, ஆறு, படகு என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து மகிழ்ந்தவள், ஒரு படத்தருகே கையை நிறுத்தினாள். அதில் ஓர் ஊர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஊரை விட்டு வெளியேறும் பாதையில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாய் ஒரு வரிசை; கழுத்திலே நுகத்தடி, கைகளிலே சங்கிலி. அவர்களை ஓட்டிச் செல்பவன் வெண்ணிற நீளங்கி அணிந்து, தலைப்பாகை கட்டி, கையில் துப்பாக்கி ஏந்தியிருந்தான்.

அவள் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டி, “நன்னா, இவர் நம்மவரா?” என்று கேட்டாள்.

நாம் விடை கூறவில்லை. “மஃரிபுக்கு நேரமாகிறது, எழுந்திரு” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். மஃரிபுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திருப்பிய அந்தப் பக்கம் மனத்திலே திரும்பத் திரும்ப விரிந்துகொண்டிருந்தது. மறுநாள் தொடங்கி அவ்விரு நூல்களையும் முழுவதும் படித்தோம். அவற்றிலே கண்டதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று தோன்றியது.

காங்கோ நாட்டின் தென்கிழக்கிலே, கத்தங்கா என்னும் செம்பு வளம் மிக்க பகுதியிலே லுபும்பாஷி என்றொரு நகரம் உண்டு. 1910-ஆம் ஆண்டில் தெற்கிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தபோது பெல்ஜியர் அமைத்த நகரம் அது. தம் அரசியின் பெயரால் அதற்கு எலிசபெத்வில் என்று பெயரிட்டனர். விடுதலைக்குப் பின் 1966-இல் அது லுபும்பாஷி ஆயிற்று. நகரின் உயிர் செம்பு. 1906-இல் நிறுவப்பட்ட ஊனியோன் மினியேர் என்னும் சுரங்கக் கம்பெனி, தூர தூர நாட்டுப்புறங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்து குடியிருப்புகளில் வைத்தது. வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர் பகுதிக்கும் இடையே ஆளில்லாத ஓர் இடைநிலத்தை அரசு ஒதுக்கியது. செம்பு உருக்கும் ஆலையின் உயர்ந்த புகைபோக்கியும், அதன் அருகே கழிவு குவிந்து குவிந்து எழுந்த கருங்குன்றும் அந்நகரின் அடையாளங்களாயின.

வந்தவர்கள் வெவ்வேறு மொழியினர். பாட்டன் கதையைச் சொல்லப் பாட்டன் அருகில் இல்லை. கதை நிகழ்ந்த ஆறும் மரமும் நூற்றுக்கணக்கான கல் தொலைவில். பள்ளிப் புத்தகத்தில் இருந்ததோ ஆண்டவர்களின் சரித்திரம். இப்படிப்பட்ட நகரத்தில் ஒரு தொழிலாளி, தான் யார், எங்கிருந்து வந்தோம், தன்மேல் என்னென்ன நிகழ்ந்தன என்பதைப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வான்? 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் அந்நகரத்து மக்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். கூடத்துச் சுவரில் ஓவியம் மாட்டினர்.

அவ்வோவியங்களை வரைந்தவர்கள் கலைக்கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். மாவுச் சாக்கைப் பிரித்துக் கழுவிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கிடைத்த வண்ணத்தைத் தீட்டி, கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாய் விற்றவர்கள். வாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர், குமாஸ்தாக்கள், சிறு வணிகர். இத்தகைய படத்திற்கு அவர்கள் வழங்கிய சுவாஹிலிப் பெயர் ‘உகும்புஷோ’. நினைவூட்டுவது என்பது அதன் பொருள். விருந்தினர் வந்தமரும்போது படத்தைச் சுட்டிப் பேச்சுத் தொடங்கும். பேச்சு வளர வளரப் பிள்ளைகள் காதில் சரித்திரம் விழும். படம் பாதி, பேச்சு மீதி.

படங்களை அவர்கள் காலத்தால் வகுத்தனர். மூதாதையர் காலம் ஒன்று, கடந்துபோன காலம் ஒன்று, இன்றைய காலம் ஒன்று. கடந்த காலத்திற்கு அவர்கள் மொழியில் ‘ஸமானி’ என்று பெயர். நம் வீட்டு முதியோர் ‘அந்த ஸமான்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோமல்லவா? அதே அரபுச் சொல். கிதாபை அவர்கள் ‘கிதாபு’ என்றும், துனியாவை ‘துனியா’ என்றும், வக்தை ‘வகாத்தி’ என்றும் வழங்குகின்றனர். இச்சொற்களைப் படித்தபோது நெஞ்சு குளிர்ந்தது உண்மை. அவை எந்தப் பாதை வழியாய் அந்நாட்டின் உட்புறத்திற்குச் சென்றன என்பதைப் பின்னர் நினைத்தபோது குளிர்ச்சி நிலைக்கவில்லை.

கடந்த காலப் படங்களுள் மிகுதியாய் விரும்பி வாங்கப்பட்டவற்றுள் ஒன்று ‘பெல்ஜியக் குடியேற்றம்’ என்பது. ஒரு சிறைச்சாலையின் முற்றம். மேலே பெல்ஜியக் கொடி பறக்கிறது. மஞ்சளும் கறுப்பும் பட்டையிட்ட உடையணிந்த கைதிகள் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். நடுவிலே ஒருவன் தரையில் குப்புறக் கிடத்தப்பட்டிருக்கிறான். நீர்யானைத் தோலால் செய்த சவுக்கு அவன்மேல் ஓங்கியிருக்கிறது. வெள்ளை அதிகாரி நின்று மேற்பார்க்கிறான். சவுக்கை ஓங்கியிருப்பவன் கறுப்பு நிறச் சிப்பாய்.

இப்படத்தைப் பணம் கொடுத்து வாங்கிக் குடும்பத்தோடு உண்டு உறங்கும் வீட்டில் ஏன் மாட்ட வேண்டும்? அவமானத்தை யாராவது சட்டம் போட்டு மாட்டுவார்களா? நாமும் முதலில் இப்படித்தான் நினைத்தோம். பிறகு ஒன்று விளங்கிற்று. அவர்கள் படத்தை வாங்கிய நாட்களில் பெல்ஜியர் போய்விட்டனர். ஆனால் மொபுத்துவின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. நாட்டின் பெயரை 1971-இல் ஸயீர் என்று மாற்றி, ஒரே கட்சி, ஒரே தலைவர் என்று 1997 வரையில் ஆண்டவர் அவர். சுவரில் தொங்குவது பழைய காலம். பார்ப்பவன் நினைத்துக்கொள்வது இன்றைய காலம். அதிகாரி வந்து கேட்டால், “இது அந்த ஸமானி, ஐயா” என்று சொல்லிவிடலாம்.

இவ்வோவியர்களுள் தலைசிறந்தவராகச் சிபும்பா காண்டா மாத்துலு என்பவரைச் சொல்லவேண்டும். 1947-இல் பிறந்தவர். 1973-ஆம் ஆண்டில், லுபும்பாஷிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யோஹன்னஸ் ஃபாபியன் என்னும் மானிடவியல் அறிஞரின் வீட்டுக்குப் படம் விற்க வந்தார். பேச்சுக் கொடுத்த அறிஞர் வியந்துபோனார். வந்தவர் தம்மை வெறும் ஓவியராக எண்ணவில்லை. நாட்டின் சரித்திர ஆசிரியராக எண்ணியிருந்தார். வாய்ப்புக் கிடைத்தால் நாட்டு வரலாறு முழுவதையும் வரைவேன் என்றார். அவ்வாறே 1974 வரையில் கட்டுக்கட்டாய்ப் படங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டிச் சுவாஹிலியிலே கதை சொன்னார். அறிஞர் அதை ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். 100-க்குச் சற்று மேற்பட்ட அப்படங்களும் அவர்தம் சொற்களும், ‘நிகழ்காலத்தை நினைவுகூர்தல்’ என்று பொருள்படும் தலைப்பில் 1996-இல் நூலாக வெளிவந்தன. நம் கூடத்திற்கு வந்த இரண்டு நூல்களுள் ஒன்று அதுவே.

அவர் வரைந்தவற்றுள் 1941 டிசம்பரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஒன்று. போர்க்காலத்தில் செம்பு உற்பத்தியைப் பெருக்கிய கம்பெனி, விலைவாசிக்கேற்பக் கூலியை உயர்த்தவில்லை. எலிசபெத்வில்லின் விளையாட்டு மைதானத்தில் திரண்டிருந்த தொழிலாளர்மீது படையினர் சுட்டனர். தொழிலாளர் தலைவர் லெயோனார் ம்போயி உயிரிழந்தார். அவரோடு மாண்டவர்களும் பலர். சிபும்பா பிறந்தது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் முதியோர் வாயிலாகக் கேட்டதைத் துணியிலே இறக்கினார். ஒரு நகரமே சேர்ந்து நினைவில் வைத்திருந்ததை அவர் கை எழுதிற்று.

பத்ரிஸ் லுமும்பாவையும் அவர் பல படங்களில் வரைந்தார். 1960 ஜூன் 30-இல் விடுதலை பெற்ற காங்கோவின் முதல் தலைமை அமைச்சர் அவர். ஏழு மாதங்கள் நிறைவதற்குள், 1961 ஜனவரி 17-இல், இதே எலிசபெத்வில்லுக்குக் கொண்டுவரப்பட்டு, ம்போலோ, ஒக்கித்தோ என்னும் இரு தோழர்களோடு அருகிலுள்ள காட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். உடலும் மிஞ்சாதபடி அமிலத்தில் கரைத்து அழித்தனர். எஞ்சியது ஒரு பல். பெல்ஜியம் அப்பல்லைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது 2022 ஜூன் மாதத்தில். இறந்தவரை அடக்கம் செய்து, மண்ணள்ளிப் போட்டு, துஆ ஓதித் திரும்பும் வழக்கமுடைய நாம் இதைச் சிந்திக்கவேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அம்மனிதருக்குக் கபுரில்லை. அத்தனை காலமும் அவர் அடங்கியிருந்த இடங்களுள் ஒன்று, ஏழைகளின் கூடத்துச் சுவர். சிபும்பா கிறித்தவர் நடுவே வாழ்ந்தவர். ஆகவே கொலையுண்ட மூவரின் பின்னணியில் மூன்று சிலுவைகளைத் தீட்டினார். தம் மக்களுக்கு விளங்கும் மொழியில் தியாகத்தைச் சொன்னார் அவர்.

1981-க்குப் பின் சிபும்பாவைப் பற்றிய செய்தி கிடைக்கவில்லை. நாட்டின் நினைவைக் காத்த அவருக்கு என்ன நேர்ந்ததென்று அறிவார் இல்லை. அவர் வரைந்த வரலாற்றுப் படங்கள் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தலைநகராகிய கின்ஷாசாவிலும் இதே காலத்தில் ஓவியர் கூட்டம் ஒன்று எழுந்தது. மோக்கே என்பவர் தெருவையும் கூட்டத்தையும் கேளிக்கையையும் வரைந்தார். 1956-இல் பிறந்த செரி சம்பா, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். ஆதலால் படத்திலும் எழுத்தை விடவில்லை. பார்த்துவிட்டுப் போகிறவன் நின்று படிக்கட்டும் என்று படத்திற்குள்ளேயே வாசகங்களை எழுதினார். 1989-இல் பாரிசில் நடந்த பெருங்கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. உலகெங்கும் புகழ் பரவிற்று. லுபும்பாஷியின் கதை வேறு. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு நான்கு இலட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்த அரசுச் சுரங்கக் கம்பெனி, 1990-களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்க இயலாமல் சரிந்தது. சம்பளம் நின்ற வீட்டில் சுவருக்குப் படம் வாங்குவது யார்? ஆயினும் அம்மண்ணின் நினைவு வேலை ஓயவில்லை. 1978-இல் அந்நகரில் பிறந்த சாமி பலோஜி, பாழடைந்த ஆலைகளின் நிழற்படத்தின்மேல் பழங்காலத் தொழிலாளரின் உருவங்களை ஒட்டி 2006-இல் ஒரு வரிசையைப் படைத்தார். அவ்வரிசைக்கு ‘நினைவு’ என்றே பெயர்.

இனி நாம் திருப்பிய பக்கத்திற்கு வருவோம்.

அதுவும் லுபும்பாஷியின் கூடங்களில் தொங்கிய ஒரு வகைப் படந்தான். ‘அரபிகள்’ என்பது அவ்வகையின் பெயர். கற்பனையன்று அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபார்த் தீவிலிருந்து வணிகக் கூட்டங்கள் யானைத்தந்தம் தேடிக் காங்கோவின் உட்புறம் வரையில் சென்றன. தந்தத்தைச் சுமக்க ஆள் வேண்டும். ஆளையே விற்கவும் சந்தை இருந்தது. அவ்வணிகருள் பேர்பெற்றவர் திப்பு திப் என்று அழைக்கப்பட்ட ஹமீது பின் முஹம்மது. சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873-இல் மூடப்பட்டது. எனினும் காங்கோவின் உட்புறத்தில் அக்கொடுமை பின்னும் தொடர்ந்தது.

இதை மறுப்பதற்கு ஒரு வாதம் நம் கையில் ஆயத்தமாய் இருந்தது. பெல்ஜிய மன்னர் லெயோபோல்டு, அரபிகளின் அடிமை வணிகத்தை ஒழிக்கவே வந்தேன் என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டு நாட்டைப் பிடித்தார். பிடித்தபின் இரப்பருக்காக மனிதரின் கைகளை வெட்டிய ஆட்சி அவருடையது. அதுமட்டுமா? 1887-இல் அதே திப்பு திப்பைத் தம் சார்பில் ஸ்டான்லி அருவிப் பகுதிக்கு ஆளுநராய் அமர்த்தியவரும் அவரே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1892-இல், அரபிகள்மீது போர் தொடுத்து அதை அறப்போர் என்று அழைத்தனர். சங்கிலி பிடித்தவனும் சவுக்குப் பிடித்தவனும் ஒரு காலத்தில் ஒப்பந்தக்காரர்கள்!

இவ்வளவும் உண்மை. ஆனால் இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் அந்தப் படத்தில் நுகத்தடி கழுத்திலேயே இருக்கிறது. மற்றவன் செய்த பெருங்கொடுமையைச் சொல்லி நம்மவன் செய்த கொடுமையை இறக்கிவைக்க முடியாது. கழுத்தை விடுவிப்பதைக் கடத்தற்கரிய மேட்டுப்பாதை என்று திருமறை உயர்த்திச் சொல்லியிருக்கிறது. விடுவிக்கப்பட்ட அடிமையாகிய பிலால் (ரலி) அவர்களின் குரலே முதல் பாங்கின் குரல் என்று நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அப்பெருமையைச் சொல்லும் வாய், அந்த நெறியை விட்டு விலகியவர்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் மஃரிபைக் காரணம் காட்டி மூடிக்கொள்ளலாமா? தொழுகையை நாம் மறைப்பாக்கிக்கொண்டோம். அதை நினைக்கும்தோறும் இன்றும் வெட்கமாய் இருக்கிறது.

அந்தச் சிறைமுற்றத்துப் படத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். சவுக்கை ஓங்கியவன் தங்கள் இனத்தான் என்பதை அவ்வோவியர்கள் மறைக்கவில்லை. அவனை வெள்ளையனாக வரைந்துவிட்டால் யார் தடுத்திருப்பார்? படம் இன்னும் எளிதாகக்கூட விற்றிருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வாங்கியவர்களும் அதை மாற்றித் தரும்படி கேட்கவில்லை. தம்மவன் கையில் சவுக்கு இருக்கும் படத்தை, உண்ணும் இடத்திற்கு எதிரே மாட்டிவைத்துப் பிள்ளைகளை வளர்த்தனர். எழுதப் படிக்க அறியாத தாய்மாரும் இருந்திருக்கலாம் அவ்வீடுகளில். அவர்களுக்கு இருந்த நெஞ்சுரம், நூல்களை அடுக்கிவைத்திருக்கும் நமக்கு அன்று மாலை இல்லாமல் போயிற்று.

சில நாட்கள் சென்றன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உணவுண்டபின் பேத்தியை அழைத்தோம். அந்த நூலை எடுத்துவரச் சொன்னோம். தீப்பற்றிய ஊர் இருந்த பக்கத்தை நாமே தேடி விரித்தோம்.

“அன்று ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா?”

“இருக்கிறது, நன்னா. நீங்கள்தாம் பதில் சொல்லவில்லை.”

“ஆம், அம்மா. இவர் நம்மவர்தாம். இவர் செய்தது நம் மார்க்கம் காட்டிய வழியன்று. ஆனால் நம்மவர்தாம்.”

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சிறுவனின்மேல் விரலை வைத்தாள்.

“அப்படியானால் இந்தப் பையன் யார்?”

காங்கோவின் கிழக்கிலே கசோங்கோ என்றோர் ஊர் உண்டு. அந்நாட்டு முஸ்லிம்களின் முதன்மையான இடம் இன்றும் அதுவே. அந்த வணிகர்களின் கீழ் அடிமைகளாயும் பணியாட்களாயும் இருந்தவர்களின் வழியில் வந்த குடும்பங்கள் அவர்களுள் பல. பின்னர் பெல்ஜியர் ஆட்சியில், முஸ்லிம்கள் என்பதனாலேயே ஐயத்திற்கு ஆளாகி ஒதுக்கப்பட்டவர்களும் அவர்கள்தாம். இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

“அவனும் நம்மவன்தான், அம்மா” என்றோம்.

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இம்முறை நாம் அவசரப்படவில்லை. பக்கத்தை அவளே திருப்பட்டும் என்று காத்திருந்தோம்.